மோட்டார் சைக்கிள் பிளாஸ்டிக் காற்றுத்தடுப்பில் படிந்த ஒட்டுப்பசையை நீக்குதல்

மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னால் நின்று, ஓட்டுபவரின் மார்பிலும் முகத்திலும் எதிர்காற்று மோதாமல் தடுக்கும் ஒளி ஊடுருவும் தகடு காற்றுத்தடுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இதை வைசர் என்றும் விண்ட்ஷீல்டு என்றும் சொல்கிறோம். முன்கண்ணாடி என்பாரும் உண்டு. ஆனால் இதில் கண்ணாடி துளியும் இல்லை, முழுவதும் பிளாஸ்டிக். பெயரில் உள்ள இந்தக் குழப்பம்தான் பல காற்றுத்தடுப்புகளின் ஆயுளைக் குறைக்கிறது. ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சும் பிசுபிசுப்பை, கார் கண்ணாடியில் துடைப்பதுபோல் பெட்ரோலாலும் தின்னராலும் துடைத்துவிடுகிறார்கள். பசை போய்விடும். சில நாள் கழித்து அதே இடத்தில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் தோன்றும். அவை மறுபடி மறையாதவை.

பசை காற்றுத்தடுப்புக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. அது அசிங்கமாகத் தெரியும், தூசியைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. தீங்கு செய்வது, பசையை எடுக்க நாம் பயன்படுத்தும் திரவம். ஆகவே எந்தத் திரவம் பசையை மட்டும் இளக்கும், எது பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தாக்கும் என்பதை அறிவதுதான் இந்த வேலையில் முக்கியம்.

காற்றுத்தடுப்பின் பொருள்

காற்றுத்தடுப்புகள் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் செய்யப்படுகின்றன. ஒன்று அக்ரிலிக், வேதிப்பெயர் பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம் 1933-இல் இதைப் பிளெக்ஸிகிளாஸ் என்ற வணிகப் பெயரில் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த கூண்டுகள் இதனால் ஆனவை. மற்றது பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெலும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமலேயே இதைக் கண்டறிந்தனர். தலைக்கவசத்தின் முகமூடித் தகடு, பழைய சி.டி. வட்டு, மூக்குக்கண்ணாடியின் உடையாத வில்லை ஆகியவையும் பாலிகார்பனேட்தான்.

இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் குணம் வேறு. அக்ரிலிக் சற்றுக் கடினமானது, வெயிலைத் தாங்கும், ஆனால் அடிபட்டால் உடையும். பாலிகார்பனேட் சுத்தியல் அடியையும் தாங்கும், ஆனால் எளிதில் கீறல் விழும், பாதுகாப்பு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். இந்தக் குறைகளை ஈடுகட்டப் பாலிகார்பனேட்டின் மேல் சிலிகோன் வகைக் கடினப் பூச்சு ஒன்று ஏற்றப்படும். இது சில மைக்ரான் தடிமனே உள்ளது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதான இந்தப் படலம் போனால் அதைத் திரும்பப் பூச வீட்டில் வழியில்லை.

தன் வண்டியில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க, தகட்டின் கீழ் விளிம்பில் அச்சிட்ட குறியைப் பார்க்கலாம். பி.சி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பாலிகார்பனேட், பி.எம்.எம்.ஏ. என்று இருந்தால் அக்ரிலிக். வெளிச்சந்தையில் தனியாக வாங்கிப் பூட்டிய வைசர்களில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. தட்டிப் பார்த்தும் வளைத்துப் பார்த்தும் சொல்லிவிடலாம் என்பார்கள். அதை நம்பி ஒரு கரைப்பானைத் தேர்ந்தெடுக்க முடியாது. குறி இல்லாத தகட்டில், இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஏதேனும் ஒன்றுக்கு ஆகாத திரவத்தையும் தவிர்ப்பதே சரி.

பசை ஏன் மிஞ்சுகிறது

ஸ்டிக்கரிலும் ஒட்டுநாடாவிலும் இருப்பது தண்ணீரோ வெப்பமோ இல்லாமல், விரலால் அழுத்தினாலே ஒட்டும் பசை. 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் வண்ணம் பூசுவோருக்கான மறைப்பு நாடாவையும் 1930-இல் செல்லோபேன் நாடாவையும் உருவாக்கினார். பின்தாளை உரித்து ஒட்டும் லேபிள்கள் 1935-இல் ஸ்டான்டன் ஏவரியால் வந்தன. இன்று நாம் வண்டியில் ஒட்டுகிற எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இவ்வகைப் பசை ஒருபுறம் திரவம்போல் மெதுவாக ஒழுகும், மறுபுறம் ரப்பர்போல் இழுபடும். ஒழுகுவதால் பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கிப் பிடிக்கிறது. இழுபடுவதால் பிய்ந்து வராமல் நிற்கிறது. புதிய ஸ்டிக்கரில் இந்த இரண்டும் சமநிலையில் இருக்கும். அதனால் உரித்தால் பசை ஸ்டிக்கரோடே வந்துவிடும். இரண்டு மூன்று கோடை கடந்த ஸ்டிக்கரில் கதை வேறு. வினைல் தாளை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி மெல்லப் பசைக்குள் கசிந்து அதைக் கூழாக்குகிறது. தாள் தன் நெகிழ்வை இழந்து அப்பளம்போல் நொறுங்குகிறது. புற ஊதாக் கதிர் பட்ட இடங்களில் பசையின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. விளைவாக, தாள் துண்டுதுண்டாக வரும். பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கும்.

இதில் அதிகம் பார்க்கக் கிடைப்பது விற்பனைக் கடையின் ஸ்டிக்கர் அல்ல, புது வண்டியோடு வரும் பாதுகாப்புப் படலம். 'கீறல் விழாமல் இருக்கட்டும்' என்று மாதக்கணக்கில் அதை உரிக்காமல் ஓட்டுவது நம்மிடையே பெரும் வழக்கம். அந்தப் படலம் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவர் கைக்கு வரும்வரை தாங்குவதற்காக ஒட்டப்பட்டது. வெயிலில் நாள்பட வெந்தால், கீறலிலிருந்து காத்த தகட்டின் மேலேயே அது பசையை விட்டுச் செல்லும். இன்னொரு வரவு, பதவியையும் துறையையும் காட்டும் ஸ்டிக்கர்கள். 2024 மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை தனியார் வாகனங்களில் இத்தகைய ஸ்டிக்கர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, வெகுநாள் ஒட்டியிருந்த எழுத்துகளை அவசரமாக உரிக்க வேண்டிய நிலை பலருக்கும் வந்தது. இந்த வேலையில் அவசரமே பெரும் கெடுதல்.

கரைப்பான் பிளாஸ்டிக்கை என்ன செய்கிறது

பட்டறையில் பெட்ரோல் நனைத்த வேஸ்ட் துணிதான் எல்லாவற்றுக்கும் மருந்து. பெட்ரோல் டேங்கின் மேல் பசை இருந்தால் அது வேலை செய்யும். இரும்பின் மேல் சூட்டில் இறுக்கிய வண்ணப்பூச்சு ஒரு முறைத் துடைப்பைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் கை அப்படியே வைசருக்கும் போகிறது. மெக்கானிக்கைக் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. துடைத்த அந்த நிமிடத்தில் எதுவும் நடந்ததாகவே தெரியாது, பளபளவென்று இருக்கும். விரிசல் பிறகு வரும்போது வண்டி அவர் கண்முன் இருக்காது.

இதன் வழிமுறை பின்வருமாறு. அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. சங்கிலிகள் ஒழுங்கான அடுக்கில் இல்லாமல், அவித்த நூடுல்ஸ்போல் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. அந்தச் சிக்கல்தான் தகட்டின் வலிமை. வார்த்தபோதும் வளைத்தபோதும் உள்ளே தங்கிவிட்ட தகைவு, திருகாணிகளால் இறுக்கியபோது சேர்ந்த தகைவு என்று தகட்டுக்குள் எப்போதும் ஓர் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். பொருத்தமான சிறிய மூலக்கூறு கொண்ட ஒரு திரவம் மேலே பட்டால், அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை வழுக்கச் செய்கிறது. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் சங்கிலிகள் விலகி, நுண்விரிசல்கள் திறக்கின்றன. பிளாஸ்டிக் கரைய வேண்டிய அவசியமே இல்லை. திரவமும் தகைவும் சேர்ந்தாலே போதும். பொறியியலில் இதைச் சூழல் தகைவு விரிசல் என்கின்றனர். பிளாஸ்டிக் உறுப்புகள் பயன்பாட்டில் உடைவதற்கு மிகப் பரவலான காரணங்களில் இது ஒன்று.

திருகாணித் துளைகளின் ஓரத்திலிருந்து விரிசல் முதலில் கிளம்புவதும் இதனால்தான். அங்கேதான் தகைவு அதிகம். துளையிட்ட விளிம்பில் கடினப் பூச்சும் இருக்காது. 'பூச்சு உள்ள தகடு, எதுவும் ஆகாது' என்று கடையில் சொல்வது பாதி உண்மை. பூச்சு பல கரைப்பான்களைத் தாங்கும். விளிம்பில் வழிந்த சொட்டையும், கீறல் வழியே இறங்கிய சொட்டையும் அது தடுக்காது.

உயரமான காற்றுத்தடுப்பு வழியாகப் பார்த்தே ஓட்டும் நெடுந்தூர வண்டிகளில் இந்த நுண்விரிசல்கள் அழகு சம்பந்தப்பட்டவை மட்டும் அல்ல. பகலில் அவை கண்ணில் படாமலே போகலாம். இரவில் இருவழிச் சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு விழும்போது ஒவ்வொரு கோடும் ஒளியைச் சிதறடித்து, தகடு முழுவதும் வெண்மையாகப் பற்றிக்கொண்டதுபோல் ஆகும். அந்த இரண்டு மூன்று நொடிகளில் சாலை ஓரம் நடந்து போகிறவர் தெரியமாட்டார். சிறிய வைசர்களில் பார்வை தகட்டுக்கு மேலே செல்வதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே துளையோர விரிசல் வளர்ந்து, வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்து வருவதே கவலைக்குரியது.

தவிர்க்க வேண்டியவை

தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் முதலில் ஒதுக்க வேண்டியவை. தின்னரில் டொலுவீன், அசிட்டோன் போன்றவையும் நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோனும் உள்ளன. இவை நுண்விரிசலோடு நிற்காமல் பரப்பையே கரைத்து வெண்மையாக்கும். பெட்ரோல் அடுத்தது. இந்தியாவின் பி.எஸ். 6 தர அளவுப்படி அதில் பென்சீன், டொலுவீன், சைலீன் அடங்கிய அரோமேட்டிக் சேர்மங்கள் 35 சதவீதம் வரை இருக்கலாம். இப்போது 20 சதவீதம் வரை எத்தனாலும் கலக்கப்படுகிறது. அரோமேட்டிக் சேர்மம் இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கும் ஆகாது. எத்தனால் அக்ரிலிக்குக்கு ஆகாது.

சானிடைசரும் ஸ்பிரிட்டும் அதே காரணத்தால் சந்தேகத்துக்குரியவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பாலிகார்பனேட் சிறிது நேரம் தாங்கும். அதன் தயாரிப்பாளர்களே வண்ணத் தெறிப்பை எடுக்க அதை அனுமதிக்கின்றனர். அக்ரிலிக்குக்கான கையேடுகளோ ஆல்கஹாலை எந்த வடிவிலும் வேண்டாம் என்கின்றன. தகடு எதுவென்று தெரியாதவர் இரண்டாவது அறிவுரையைப் பின்பற்ற வேண்டும்.

சன்னல் கண்ணாடி துடைக்கும் திரவங்களில் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அது காரத்தன்மை கொண்டது; பாலிகார்பனேட்டின் சங்கிலிகளை வேதி முறையில் துண்டிக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூளும் சலவைச் சோடாவும் காரமே. டபிள்யூடி-40 தெளிப்பானைப் பசைக்குப் பரிந்துரைப்போர் பலர். அதன் தயாரிப்பாளரே பாலிகார்பனேட்டிலும் ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீனிலும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்.

நம் வீடுகளில் பசை எடுக்க நீலகிரித் தைலம் தேய்ப்பதுண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய விலைச்சீட்டுக்கு அது அருமையான மருந்து. ஆனால் தைலம் என்ற பெயரை வைத்து அதைச் சமையல் எண்ணெயோடு சேர்க்கக் கூடாது. அது எளிதில் ஆவியாகும், சிறிய மூலக்கூறுகள் கொண்ட ஒரு கரைப்பான். டர்பன்டைனும், ஆரஞ்சுத் தோல் மணம் வீசும் கடைப் பசைநீக்கிகளும் இதே குடும்பம். அவற்றைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுரண்டும் பொருள்களும் இந்தப் பட்டியலில் சேரும். பிளேடு, கத்தி, கம்பி நார், பச்சை நிறத் தேய்ப்பான் எதுவும் கூடாது. பற்பசையும் வெள்ளிக்குத் தேய்க்கும் விபூதியும் நுண்ணிய அரைப்பான்களே. பசையோடு கடினப் பூச்சையும் அரைத்துவிடும்.

நீக்கும் முறை

வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் வந்துவிடும் வைசராக இருந்தால் கழற்றிக்கொள்வது நல்லது. தரையில் ஒரு போர்வையின் மேல் வைத்து வேலை செய்யும் வசதி ஒருபுறம் இருக்க, இறுக்கத்தால் வந்த தகைவும் அதில் நீங்கிவிடுகிறது.

முதல் வேலை துடைப்பது அல்ல, தண்ணீர் ஊற்றுவது. சாலைத் தூசியில் இருப்பது மணல், அதாவது குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 7. எந்தப் பிளாஸ்டிக்கும் அதன் அருகில்கூட வராது. உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் நூறு கீறல் விழும். நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விட்டபின், அரை வாளி நீரில் சில துளி ஷாம்பு அல்லது பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து மெல்லக் கழுவ வேண்டும். துணி மைக்ரோஃபைபராக இருக்கலாம். பலமுறை துவைத்து மிருதுவான வேட்டித் துண்டும் நன்றாகவே வேலை செய்யும். செய்தித்தாள் ஆகாது.

ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன் மேல் 10 நிமிடம் போட்டு வைக்கலாம். தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டுவதும் உண்டு. தகட்டின் பின்புறம் கையை வைத்துக்கொண்டு, கை பொறுக்கும் சூடே அளவு என்று கொள்ள வேண்டும். அக்ரிலிக் ஏறக்குறைய 105 டிகிரி செல்சியசில் மென்மையாகத் தொடங்கும். வண்ணம் உரிக்கும் வெப்பத் துப்பாக்கி அதைவிடப் பல மடங்கு சூட்டை ஊதும். சூடு அதிகமானால் இன்னொரு குறையும் உண்டு. பசை அளவுக்கு மீறி இளகி, பாகுபோல் இழை இழையாக நீண்டு, ஸ்டிக்கரை விட்டுத் தகட்டிலேயே தங்கும். ஒரு மூலையை நகத்தால் தூக்கி, தாளைப் பின்னோக்கி மடித்து, தகட்டுக்கு நெருக்கமாகவே வைத்து, தாள் கிழியாத வேகத்தில் இழுக்க வேண்டும்.

மிஞ்சிய பசையில் இளசாக இருப்பதை விரல் நுனியால் உருட்டியே எடுத்துவிடலாம். உருண்டையாகச் சேரும் பசையே மற்ற பசையையும் இழுத்துக்கொள்ளும். புதிய ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அதன் மேல் அழுத்திச் சட்டென்று இழுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இதில் எந்தத் திரவமும் இல்லாததால் ஆபத்தும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

அதற்கும் அசையாத பசைக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், குழந்தைகளுக்குத் தேய்க்கும் நறுமணமற்ற கனிம எண்ணெய் எதுவும் ஆகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழிக் காலையில் நல்லெண்ணெய் வசதி. ரப்பரும் மரப்பிசினும் சேர்ந்த பசைக்கு எண்ணெய் நெருங்கிய உறவு. உள்ளே புகுந்து அதன் பிடியைத் தளர்த்தும். எண்ணெயின் மூலக்கூறோ பெரியது. சாதாரண வெப்பத்தில், சிறிது நேரத்தில், பிளாஸ்டிக்கின் இறுகிய சங்கிலிகளுக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. இந்த வேறுபாட்டைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். பஞ்சை எண்ணெயில் நனைத்துப் பசையின் மேல் 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு துணியால் ஒரே திசையில், நேர்கோட்டில் வழித்தெடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் விழும் நுண்கீறல்கள் இரவில் விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரியும். ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது. பழைய பசைக்கு மூன்று நான்கு சுற்று ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் துணியின் புதிய பக்கத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த பசையை வேறு இடத்தில் பூசிக்கொண்டே இருப்போம். முடிந்ததும் ஷாம்பு நீரில் கழுவி எண்ணெயை முழுதும் போக்கிவிட வேண்டும்.

எண்ணெய்க்கும் மசியாதது எஞ்சினால், இரு பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களும் பொதுவாக அனுமதிக்கும் ஒரு கரைப்பான் வகை உண்டு. அது அலிபாட்டிக் ஹைட்ரோகார்பன், அதாவது நாப்தா வகை. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் பெரும்பாலும் இதுவே. மண்ணெண்ணெயும் ஏறத்தாழ இந்த வகைதான். ஆனால் அதில் சிறிதளவு அரோமேட்டிக் சேர்மங்கள் கலந்திருக்கும், நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயில் நீலச் சாயமும் உண்டு. ஆகவே இது கடைசி வழி. தகட்டை வண்டியிலிருந்து கழற்றிய பிறகே, மறைவான ஒரு மூலையில் சோதித்து ஒரு நாள் பொறுத்திருந்து, துணி நுனியில் சில சொட்டுகள் மட்டும் எடுத்து, பசை உள்ள இடத்தில் மட்டும் தொட்டு, உடனே கழுவிவிட வேண்டும். துளைகளின் பக்கம் போகக் கூடாது. இத்திரவங்கள் எளிதில் தீப்பிடிக்கும். சமையலறையோ பூசை விளக்கோ அருகில் இருக்கக் கூடாது.

கையில் உள்ள திரவத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு பழைய சி.டி. வட்டு உதவும். அதன் நடுத்துளையைச் சுற்றி உலோகப் பூச்சு இல்லாத, ஒளி ஊடுருவும் பகுதி பூச்சற்ற பாலிகார்பனேட். வட்டை இரு புத்தகங்களுக்கு இடையே சற்றே வளைந்த நிலையில் நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். மங்கலோ கோடோ தெரிந்தால் அந்தத் திரவம் வைசருக்கு ஆகாது. எதுவும் தெரியாவிட்டால் பாதுகாப்பானது என்று பொருள் அல்ல. அக்ரிலிக்கைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. கல்லூரி ஆய்வகத்தில் அசிட்டோனை வைத்து இதைச் செய்து பார்க்கும் மாணவர், வட்டு வெடித்து உடைய வாய்ப்பு உண்டு என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும்.

இருபக்க நுரைநாடாவும் உடனடிப் பசையும்

கேமரா, கைப்பேசி தாங்கி போன்றவற்றை ஒட்டும் தடித்த இருபக்க நாடா வேறு இனம். அதன் பசை பெரும்பாலும் அக்ரிலிக் வகை; எண்ணெய் அதை அவ்வளவு எளிதில் இளக்காது. தூண்டில் நரம்பையோ பல் இடுக்கு நூலையோ நாடாவின் நுரைக்குள் கொடுத்து, ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் கருவி பிரிந்து வரும். தகட்டில் எஞ்சிய நுரையை வெதுவெதுப்பாக்கி விரலால் உருட்டி எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை.

உடனடிப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட் சிந்தியிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. அதைக் கரைக்கும் அசிட்டோன் தகட்டையும் கரைக்கும். கடினப் பூச்சின் மேல் விழுந்த சொட்டு சில சமயம் தானே தெறித்து வரும். வராவிட்டால் அந்தப் புள்ளியோடு ஓட்ட வேண்டியதுதான்.

பசை போன பிறகும் தெரியும் அடையாளம்

எல்லாம் சுத்தமான பிறகும் ஸ்டிக்கர் இருந்த வடிவம் மங்கலாகத் தெரியலாம். பலர் இதைப் பசை என்று எண்ணி மேலும் மேலும் தேய்த்துத் தகட்டைக் கெடுக்கின்றனர். நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பசையாக இருந்தால் நகம் தடைபடும், வழுக்கிச் சென்றால் அது பசை அல்ல. ஸ்டிக்கரின் நிழலில் இருந்த பகுதி வெயில் படாமல் தெளிவாக இருக்க, சுற்றிலும் உள்ள பகுதி மஞ்சளேறியதால் வந்த வேறுபாடு அது. எந்தத் திரவமும் இதைப் போக்காது; நாளாக ஆக வித்தியாசம் குறையும்.

நுண்விரிசல் வந்துவிட்டதா என்று அறிய, தகட்டின் பின்னால் கறுப்புத் துணியை வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்க்கலாம். கீறல் பரப்பின் மேலேயே மின்னும். நுண்விரிசல் தகட்டின் உள்ளே மினுங்கும் வெள்ளித் துகள்போல், பார்க்கும் கோணத்துக்கு ஏற்பத் தோன்றி மறையும். மேலோட்டமான கீறலைப் பூச்சற்ற அக்ரிலிக்கில் பிளாஸ்டிக் பாலிஷ் கொண்டு குறைக்கலாம். நுண்விரிசலுக்கு அது பயன்படாது. துளையை நோக்கியோ துளையிலிருந்தோ ஓடும் விரிசல் கண்ட தகட்டை மாற்றிவிட வேண்டும். புதிய தகட்டைப் பூட்டும்போது ரப்பர் வாஷர்களை விட்டுவிடாமல், திருகாணியைக் கை இறுக்கத்துக்குச் சற்று மேல் வரை மட்டும் முறுக்கினால் போதும்.

தலைக்கவசம்

மேலே சொன்ன அனைத்தும் தலைக்கவசத்தின் முகமூடித் தகட்டுக்கும் பொருந்தும். அது பூச்சுள்ள பாலிகார்பனேட். கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே நுண்விரிசல் இன்னும் அதிகம் தொல்லை தரும். ஓட்டுக்கு இது மேலும் பொருந்தும். பல தலைக்கவசங்களின் ஓடு ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டது. ஸ்டிக்கர் பசையை எடுக்க அதன் மேல் பெட்ரோலைத் தேய்த்தால், வண்ணத்துக்கு அடியில் நடக்கும் சேதம் வெளியே தெரியாது. கீழே விழுந்து தலை தரையில் மோதும்போதுதான் ஓடு தாங்காதது தெரியவரும். பெட்ரோல், கரைப்பான், வண்ணம், ஒட்டுவில்லை ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கைச் சீட்டு பல தலைக்கவசங்களின் உள்புறத் துணிக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சீட்டை மட்டும் உரிக்க வேண்டியதில்லை.